சுணையில் இருக்கிறது நெல்லின் பூர்வீகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வந்த தொல்தாவரக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இங்கிலாந்தின் சோமர்செட் கடலோரப் பாறையில் 39 கோடி ஆண்டுக்கு முந்தைய காடு ஒன்று 2024இல் அடையாளம் காணப்பட்டது, கனடாவில் கிடைத்த 35 கோடி ஆண்டு மரத்தில் இலைகள்கூட உதிராமல் அப்படியே கல்லாகியிருந்தது என்று நல்ல செய்திகள். எழுதியவருக்கு என் நன்றி. ஆனால் அவ்வளவு பெரிய கட்டுரையில் நெல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. காவிரிப் பாசனத்தில் பிறந்து, முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் வண்டலும் களியும் மணலும்தான். துணி துவைக்கிற கல்கூட வெளியிலிருந்து வண்டியில் வந்ததுதான். அதனால் புதைபடிவம் என்றாலே நமக்குச் சம்பந்தமில்லாத, மலைநாட்டுச் சமாச்சாரம் என்று இங்கே பலருக்கும் ஓர் எண்ணம். ஆனால் களத்தில் கதிரடித்த எவருக்கும் சுணை தெரியும். வைக்கோல் போரில் ஏறி மிதித்துவிட்டு இறங்கினால் கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் அரித்து எடுக்கும். வாய்க்காலில் முங்கி எழுந்து, தேங்காயெண்ணெய் தடவினால்தான் அடங்கும். நெல் இலையின் விளிம்பை விரலால் கீழ்நோக்கி உருவினால் கீறி ரத்தம் வரும். அந்தச் சுணைக்கும் கீறலுக்கும் காரணம் சிலிக்கா. மணலில் இருக்கும் அதே பொருள்.

நெல் அதை வேண்டி விரும்பிக் குடிக்கிற பயிர். மண்ணில் கரைந்திருக்கும் சிலிக்காவை வேர் நீரோடு உறிஞ்சி இலைக்கு அனுப்புகிறது. நீர் ஆவியாகிவிட, சிலிக்கா அங்கேயே தங்கி, பல செல்களுக்குள் இறுகிப் படிந்துவிடும், அச்சில் வார்த்தது மாதிரி. இந்த நுண்கல்லுக்கு பைட்டோலித் என்று பெயர். செடிக்கல் என்று சொல்லிக்கொள்ளலாம். இலை மக்கிப் போனாலும், எரிந்து போனாலும் இது அழியாது. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கியதும் பாத்திரம் தேய்த்ததும் அதனால்தான் அவ்வளவு நன்றாக எடுபட்டது.

இனிச் சொல்வதுதான் கட்டுரையில் வந்திருக்க வேண்டியது. மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்று ஓர் ஊர். அங்கே டைனோசர் காலத்துச் சாணம் கல்லாகிக் கிடக்கிறது. லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி ஆய்வு நிறுவனத்தின் வந்தனா பிரசாத்தும் கூட்டாளிகளும் அந்தச் சாணத்தைக் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பனை வகை, ஊசியிலை மர வகை இவற்றின் செடிக்கற்களோடு புல்லின் செடிக்கல்லும் இருந்தது. அதுவும் ஒன்றல்ல, குறைந்தது ஐந்து வகைப் புல். 2005இல் இது வெளிவந்தது. டைனோசர் காலத்தில் புல்லே கிடையாது என்றுதான் அதுவரை பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். நானும் அப்படித்தான் நடத்தினேன். அப்புறம் 2011இல் அதே குழுவினர், அந்தப் புற்களில் நெல்லின் குடும்பக் கிளையைச் சேர்ந்தவையும் உண்டு என்று, இலைத்தோல் துணுக்கையும் செடிக்கல்லையும் வைத்து நிறுவினார்கள். ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன், இந்தியா இன்னும் ஆசியாவோடு வந்து சேராத காலத்தில், நெல்லின் சொந்தக்காரப் புல் இந்த நிலத்தில் நின்றிருக்கிறது. பிறகு சீனாவில் பத்துக் கோடி ஆண்டுக்கும் முந்தைய ஒரு டைனோசரின் பல்லிலேயே புல்லின் துணுக்கு ஒட்டியிருந்ததைக் கண்டார்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டைனோசர் நெல் தின்றது, தமிழன் சோறு அத்தனை கோடி வருடப் பழசு என்றெல்லாம் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. அது தவறு. பொன்னியோ மாப்பிள்ளைச் சம்பாவோ அன்று கிடையாது. மனிதன் நெல்லைப் பயிராக்கியே பத்தாயிரம் ஆண்டு அளவில்தான் ஆகிறது. அன்று இருந்தது அந்தக் கிளையின் மூதாதைப் புல். அந்த உண்மையே போதுமான அளவு பெரியது.

பணியில் இருந்தபோது ஒரு தை மாதம், சம்பா அறுவடை சமயத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தோம். காய்ந்த நெல் இலையைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, வெள்ளைச் சாம்பலாகும்வரை எரித்து, ஒரு சிட்டிகையை நீர்த்துளியில் கலந்து நுண்ணோக்கியில் வைத்தோம். விசிறி விசிறியாகச் சில, உடுக்கை மாதிரி இடை சிறுத்துச் சில, கண்ணாடிபோல் தெளிவாக வரிசை கட்டி நின்றன. அறுப்பு வேலைக்குப் போகும் குடும்பத்துப் பையன் ஒருவன் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "சார், எங்கம்மா கையக் கிழிக்கிறது இதுதானா?" என்று கேட்டான். முப்பது வருடத்தில் என் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

அதே பிள்ளைகளை சாத்தனூர் கல்மரத்துக்கும் கூட்டிப் போக ஆசைப்பட்டேன். கொள்ளிடம் தாண்டி, அரியலூர் வழியாகப் போனால் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே மரம், பூக்கள் பரவுவதற்கு முந்திய ஊசியிலை மர இனம். கடல் அங்கே வரை இருந்த காலத்தில் சேற்றில் புதைந்து, கட்டை முழுக்க சிலிக்கா ஏறிக் கல்லானது. 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னார். நெல் உயிரோடிருக்கும்போதே செய்துகொள்வதை அந்த மரத்துக்குச் செத்த பிறகு மண் செய்தது என்று பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இருந்தேன். அந்த வருடமும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குத்தான் பேருந்து போனது.

ஆகவே ஐயா, ஒரு வேண்டுகோள். டைனோசர் படத்தை அரைப் பக்கம் போடுகிறீர்கள், நல்லது. அடுத்த இதழில் ஒரு நெல் செடிக்கல்லின் படத்தையும் அதே அளவில் போடுங்கள். பக்கத்திலேயே சாத்தனூருக்குப் போகும் வழியையும் அச்சிடுங்கள். தை அறுப்புக்கு முன்னால் வந்தால் நல்லது, வயலில் அப்போது இலை கிடைக்கும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்