ஐந்து சாம்பிராணி மணிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஈஸ்டரை ஒட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் முடிவுக்கு வந்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. வாய் திறக்காமல் துன்பத்தைத் தாங்குவதுதான் சிலுவை சொல்லும் பாடம், தாங்கியவர்களுக்கு உயிர்ப்பு உண்டு என்ற பொருளில் முடித்திருக்கிறார். நான் பெரம்பூரில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை, அதாவது இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நினைத்துச் சொல்லும் ஜெபம், சொல்லி வருகிறேன். இதே பேச்சு ஒரு பெண்ணின் 11 வருஷத்தைத் தின்றதை வீட்டுக்குள்ளேயே பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பெண் என் அக்கா. கட்டிக்கொண்டவர் குடிப்பார், குடித்தால் அடிப்பார். புருவத்துக்கு மேல் 4 தையல் போட்டுக்கொண்டு வந்த நாளில் அவள் மாமியார் சொன்னார்: “எல்லாருக்கும் ஒரு சிலுவை உண்டும்மா, உனக்கு இது.” அவள் வாழப்போன ஊரின் பங்குச் சாமியாரும் அதையேதான் சொன்னார். எங்கள் அம்மாவும் சொன்னாள். ஒரு தடவை நானும் சொல்லியிருக்கிறேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

‘பலி’ என்ற சொல்லில்தான் குழப்பம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். உங்கள் பத்திரிகையிலேயே அடிக்கடி வரும், ‘லாரி மோதி இருவர் பலி’ என்று. அங்கே செத்தவரை யாரும் கேட்கவில்லை. இயேசு அப்படிப் பலியானவர் இல்லை. என் உயிரை யாரும் என்னிடமிருந்து பறிப்பதில்லை, நானாகவே கொடுக்கிறேன் என்று அவர் சொன்னதாக யோவான் நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிடிபட்ட ராத்திரி ஒலிவ மலை அடிவாரத்தில் இருட்டில் இருந்தவர். மலையைத் தாண்டினால் யூதேயாவின் பாலைவனம், ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அதே ராத்திரியில், இந்தத் துன்பக் கிண்ணம் என்னை விட்டு அகலட்டும் என்று வியர்க்க வியர்க்கக் கேட்டும் இருக்கிறார். வலி பிடித்துப்போய் அவர் சிலுவையில் ஏறவில்லை. நோயாளியைத் தொட்டது, பாவி வீட்டில் சாப்பிட்டது, கோயிலில் வியாபாரிகளின் மேசையைப் புரட்டியது இவற்றில் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்றார். அதற்கு அதிகாரத்தில் இருந்தவர்கள் கேட்ட விலை சிலுவை. அதனால்தான் அதைத் தியாகம் என்கிறோம்.

“பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன்” என்ற ஓசேயா இறைவாக்கினரின் வரியை மத்தேயு நற்செய்தியில் இயேசு இரண்டு தடவை எடுத்துச் சொல்கிறார். கோயிலில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அக்காவைப் போன்றவர்களிடம் யாராவது இந்த வரியைச் சொல்ல மாட்டார்களா என்று இருக்கும்.

சரி, உன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வா என்று அவரேதானே சொன்னார் என்று கேட்பீர்கள். சொன்னார். தம்மைப் பின்பற்ற விரும்பி வருகிறவர்களிடம் சொன்னார். அடுத்தவர் தோளில் பாரத்தை ஏற்றிவிட்டு, ஒரு விரலால்கூட அதை நகர்த்த வராதவர்களை அவர் எப்படித் திட்டினார் என்பது மத்தேயு 23இல் இருக்கிறது. சிலுவைப்பாதையின் 14 நிலைகளில் ஐந்தாவதுக்கு வந்தால், இயேசுவாலேயே தனியாகச் சுமக்க முடியவில்லை. சிரேன் ஊர் சீமோன் வந்து தோள் கொடுக்கிறார். அக்காவுக்குச் சிலுவையைப் பற்றிப் பேசிய எங்களில் ஒருவரும் அந்த ஐந்தாம் நிலையில் நிற்கவில்லை.

அப்புறம் உயிர்ப்பு. பொறுமைக்குக் கிடைத்த பரிசு போல அதைப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. ஈஸ்டருக்குப் பின் வரும் பெந்தெகொஸ்தே நாளில் சீடர் பேதுரு செய்த முதல் பிரசங்கத்தில் அது வேறு மாதிரி இருக்கிறது: மனிதர்கள் அவரைக் கொன்றார்கள், கடவுள் எழுப்பினார். ரோமை ஆளுநர் பிலாத்து கொடுத்த சாவுத் தீர்ப்பைக் கடவுள் ரத்து செய்துவிட்டார் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். செய்தது அநியாயம் என்று மேலேயிருந்து வந்த தீர்ப்பு. அந்தச் செய்தியை முதலில் கொண்டுவந்த பெண்களின் பேச்சைச் சீடர்கள் வெறும் பிதற்றல் என்று தள்ளினார்கள். லூக்கா அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு, சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்று மரபு சொல்லும் தோமையாரைச் ‘சந்தேகத் தோமா’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இயேசு உயிர்த்துவிட்டார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, பாவம், அவர் வேறென்ன கேட்டார்? ஆணித் தழும்பைப் பார்க்க வேண்டும், விலாவில் கை வைக்க வேண்டும் என்றார். காயம் இல்லாமல் பளபளவென்று வந்து நிற்கிறவர் தன் ஆண்டவராக இருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இயேசுவும் கோபிக்கவில்லை, எட்டு நாள் கழித்து வந்து காட்டினார். சாவையே வென்ற உடம்பில் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. சாந்தோம் கோயிலுக்குக் கீழே அந்தக் கல்லறை முன்னால் உட்காரும்போதெல்லாம் இதுதான் மனதில் ஓடும்.

ஈஸ்டர் இரவு வழிபாட்டுக்கு வராதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கோயிலுக்கு வெளியே புதிதாக நெருப்பு மூட்டி, அதில் பாஸ்கா மெழுகுதிரியை, அதாவது ஈஸ்டருக்கான பெரிய மெழுகுதிரியை, ஏற்றுவார்கள். ஏற்றும் முன் சாமியார் மெழுகுதிரியில் சிலுவையும் அந்த ஆண்டின் நான்கு எண்களும் வரைந்து, ஐந்து சாம்பிராணி மணிகளை ஒவ்வொன்றாக அதில் குத்துவார். இரண்டு கை, இரண்டு கால், விலா. மெழுகில் அது இறங்கும்போது பெருவிரலால் அழுத்த வேண்டியிருக்கும். ஐந்து காயங்களையும் பதித்த பிறகுதான் அந்தத் திரி எரியும், அதிலிருந்துதான் நாங்கள் எல்லோரும் எங்கள் கைத்திரியைப் பற்றவைத்துக்கொள்வோம். வருஷம் முழுக்க ஞானஸ்நானத்துக்கும் அதுதான், சவப்பெட்டி பக்கத்திலும் அதுதான்.

அக்கா ஒரு ராத்திரி இரண்டு பிள்ளைகளோடு ஆட்டோவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். சிலுவையை இறக்கி வைத்துவிட்டாள் என்று பேசினார்கள். அவள் உயிரோடு எழுந்து வந்தாள் என்று நான் சொல்வேன். தையல் மெஷின் வாங்கினாள், பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். புருவத் தழும்பு இன்னும் இருக்கிறது, அதை அவள் பொட்டாலோ முடியாலோ மறைப்பதில்லை.

இந்த வருஷம் எங்கள் கோயிலில் அந்த ஐந்து மணிகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு சாமியார் பக்கத்தில் நின்றவள், அன்று ஆட்டோவில் அக்கா மடியில் தூங்கிக்கொண்டே வந்த பெண்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.