கரண்ட் போனாலும் படிக்கக்கூடிய கையேடு

கொழும்பில் வார இறுதி லினக்ஸ் வகுப்புத் தொடங்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் பாடத்திட்டத்தைப் பார்த்தேன். பாடக்குறிப்பு என்ற இடத்தில் வெறும் வீடியோ இணைப்புகள்தான் இருந்தன. எந்த இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுக்கும்முன் அதனோடு வரும் கையேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ரவுட்டர் செத்துக் கிடந்தது. லப்டொப் பற்றரியில் மிச்சமிருந்ததை வைத்து ஒரு சி நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன். சி நிரலை இயங்கவைக்கும் கம்பைலரான ஜிசிசிக்குக் கொடுக்கவேண்டிய ஒரு தெரிவு மறந்துபோயிற்று. நான் பாவிக்கும் லினக்ஸ் வகை டெபியன். அதில் கையேட்டுப் பக்கத்தைக் காட்டும் 'மேன்' கட்டளையை எடுத்து, 'மேன் ஜிசிசி' என்று அடித்தேன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்றது. கம்பைலர் இருக்கிறது, கையேடு இல்லை! காரணம் பிறகுதான் தெரிந்தது. ஜிசிசியை உருவாக்கும் ஜிஎன்யூ திட்டத்தின் ஆவண உரிமத்தில், மாற்றக்கூடாத பகுதிகளோடு வரும் கையேடுகள் கட்டற்றவை (யாரும் மாற்றிப் பகிரக்கூடியவை) அல்ல என்று டெபியன்காரர்கள் 2006இல் வாக்கெடுத்து முடிவுசெய்திருக்கிறார்கள். அதனால் அதைத் தனியாக 'நொன்-ஃப்ரீ' பகுதியிலிருந்து இறக்கவேண்டும். கொள்கை சரிதான், மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்தவனுக்குத்தான் உதவவில்லை.

அப்புறம் ஒரு பழைய லப்டொப்பில் ஓபன்பிஎஸ்டி என்ற, லினக்ஸ் அல்லாத வேறொரு இயங்குதளத்தைப் போட்டுப் பார்த்தேன். நிறுவி முடித்ததும் எதையெதைச் சரிபார்ப்பது என்பதற்கே 'ஆஃப்டர்பூட்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. வைஃபை வேலைசெய்யவில்லை. வைஃபை சிப்பை இயக்கும் டிரைவரின் பெயரைப் போட்டு 'மேன் ஐடபிள்யூஎன்' என்று அடித்தால், அந்த டிரைவர் எந்தெந்தச் சிப்புக்கு, சிப்புக்குள் ஏற்றும் எந்த மென்பொருள் (பெர்ம்வேர்) வேண்டும், அமைப்புக் கோப்பில் என்ன எழுதுவது என்று உதாரணத்தோடு வந்தது. டெபியனில் அதே வேலைக்கான டிரைவரை 'மேன் ஐடபிள்யூஎல்வைஃபை' என்று கேட்டுப் பாருங்கள், ஒன்றும் வராது.

ஓபன்பிஎஸ்டி, பிரீபிஎஸ்டி போன்ற பிஎஸ்டிகளில் கேர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலக்களஞ்சியத்தில் இருக்கின்றன. நிரலை மாற்றுகிறவரே பக்கத்தையும் திருத்திவிடலாம். ஓபன்பிஎஸ்டியில் கையேட்டுப் பிழையும் பிழைதான். லினக்ஸில் கேர்னல் ஒருவரிடம், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளை இன்னொருவரிடம். 'எல்எஸ்' பக்கத்தின் அடியில் முழு விளக்கத்துக்கு 'இன்ஃபோ' என்ற வேறொரு கையேட்டைப் பார் என்று கைகாட்டிவிடுவார்கள்.

ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் இணையக் கையேடான ஆர்ச் விக்கியைக் குறைசொல்ல வாய் வராது. டெபியன் பாவிக்கும் நானே வாரத்துக்கு நாலு தடவை அங்கேதான் போகிறேன். ஆனால் அதற்கு டேட்டா வேண்டும். பிரீபிஎஸ்டியின் கையேடான ஹேண்ட்புக் வேறு ரகம், ஒரு பாடநூல் மாதிரி முதலிலிருந்து படிக்கலாம்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கஷ்டம் என்பீர்கள். சரி. வாரம் ஒரு கையேட்டுப் பக்கத்தை எல்லோருமாக உட்கார்ந்து வாசித்து, தமிழில் பேசிப் பார்க்க ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். வகுப்பில் உபுண்டு லினக்ஸே இருக்கட்டும். மூலையில் ஒரே ஒரு மெஷினில் ஓபன்பிஎஸ்டி இருந்தால் போதும். அந்தப் பழைய லப்டொப்பை நானே தருகிறேன். சார்ஜர் வயர் மட்டும் கொஞ்சம் இழுபறி.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு டெபியன்காரன்