மர்லின் சிலைக்குக் கீழே நான் ஏன் நிற்கவில்லை

அன்புள்ள யாழினிக்கு,

"பாம் ஸ்பிரிங்ஸ் வரைக்கும் போயும் மர்லின் மன்றோ சிலைக்குக் கீழே நின்று ஒரு படம்கூட எடுக்கவில்லையே, ஏன் அத்தை?" என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அடங்கும் பதில் இல்லை. உன் வயதுப் பெண்கள் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மர்லின் அந்தக் காலத்து ஹாலிவுட் நடிகை. ஒரு படப்பிடிப்பில் காற்றில் கவுன் தூக்க அவள் நின்ற கோலம்தான் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் இருக்கும் இந்தச் சிலை. உயரம் 26 அடி. துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் சேர்த்து சிற்பி சீவர்ட் ஜான்சன் செய்தது. 2011இல் சிகாகோவில் முதலில் வைத்தார்கள், அப்புறம் ஊர் ஊராகப் போய் 2021இல் மறுபடி பாம் ஸ்பிரிங்ஸுக்கே வந்து சேர்ந்தது. நான் பார்த்தபோது கலை அருங்காட்சியகத்துக்கு எதிரே, தெருவின் நடுவில், கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அவளுடைய பின்பக்கமும் உள்ளாடையும்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து போகும் இடம் இது என்று ஊர்க்காரர்கள் பலர் எதிர்த்தார்கள், வழக்கும் நடந்தது. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன்.

ஆனால் முகம் அழகாக வந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் நன்றாகத் தள்ளி நின்று பார்த்தால், லேசாகச் சாய்ந்த தலை, பாதி மூடிய கண், பின்னால் பழுப்பு மலை. காற்றில் தூக்கிய கவுனின் மடிப்பு ஒவ்வொன்றையும் அத்தனை பொறுமையாக வடித்திருக்கிறார்கள். வெகுநேரம் அங்கேயே நின்றேன். அந்த நேரம் முழுக்க முகத்தை ஏறிட்டுப் பார்த்தவர்கள் மிகச் சிலர். வந்தவர்களில் பெரும்பாலானோர் நேராகக் கால்களுக்கு நடுவில் போய், கேமராவை மேலே திருப்பி, சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். ஒருவர் தன் சின்னப் பையனைத் தூக்கிப் பிடித்து அந்தக் காலைத் தொடச் சொன்னார். எனக்கு அங்கே போய் நிற்க மனசு வரவில்லை.

கவுன் பறக்கும் அந்தக் காட்சி எப்படி எடுக்கப்பட்டது தெரியுமா? 1954 செப்டம்பர் 15, நள்ளிரவு தாண்டிய நேரம், நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூ. 'தி செவன் இயர் இட்ச்' படப்பிடிப்பு. சுரங்க ரயில் காற்றுப்போக்கியின் கம்பிமேல் அவளை நிற்க வைத்து, கீழிருந்து காற்று அடித்தார்கள். விளம்பரம் ஆகட்டும் என்று பத்திரிகைக்காரர்களை முன்கூட்டியே கூப்பிட்டிருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம், பெரும்பாலும் ஆண்கள், கவுன் பறக்கும்போதெல்லாம் கூச்சல் போட்டது. அவள் கணவர், பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ, அதைப் பார்த்துக் கொதித்துப்போனார். ஜனவரியில் நடந்த கல்யாணம் அக்டோபரில் முறிந்தது. இத்தனைக்கும் அந்த இரைச்சலால் காட்சியை லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோவில் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. தலை முதல் கால் வரை முழு உருவமாக அவள் நிற்கும் அந்தக் கோலம் படத்தில் கிடையாது, விளம்பரப் புகைப்படங்களில் மட்டும்தான் உண்டு. அப்படியென்றால் அந்தச் சிலை யாருடைய கண்ணால் பார்த்துச் செய்தது? அன்று ராத்திரி கூச்சல் போட்ட கூட்டத்தின் கண்ணால்தான், யாழினி.

அதற்கு அடுத்த சில மாதங்களில் அவள் என்ன செய்தாள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கொடுத்த வேஷத்தைப் போட மாட்டேன் என்று ஃபாக்ஸ் பட நிறுவனத்தோடு மல்லுக்கட்டினாள். நியூயார்க் போய் லீ ஸ்ட்ராஸ்பெர்க்கிடம் நடிப்புப் படித்தாள். புகைப்படக்காரர் மில்டன் கிரீனோடு சேர்ந்து மர்லின் மன்றோ புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனியே தொடங்கினாள். பெரிய ஸ்டுடியோக்கள் நடிகைகளை ஒப்பந்தத்தில் கட்டிவைத்திருந்த காலம் அது. 1955 முடிவதற்குள் ஃபாக்ஸ் இறங்கிவந்தது. படத்துக்கு ஒரு லட்சம் டாலர், இயக்குநர் யார் என்பதில் அவளுக்கும் சம்மதம் வேண்டும் என்று புது ஒப்பந்தம். அப்போது அவளுக்கு வயது 29. 36 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள், பாவம்.

இந்த மர்லினுக்கு 26 அடியில் ஒரு சிலை வைத்திருந்தால் கீழே நின்று ஆசையாகப் படம் எடுத்திருப்பேன்.

நீ அந்தப் பக்கம் போனால் கோடையில் மட்டும் வேண்டாம். பாலைவன ஊர், 40 டிகிரி சர்வசாதாரணம். போவதற்கு முன்னால் 'தி பிரின்ஸ் அண்ட் தி ஷோகேர்ள்' படத்தைப் பார்த்துவிடு, 1957இல் அவள் கம்பெனி தயாரித்தது. பெரிய ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் எதிரில் அவள் எப்படி நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை