பித்தக்குழாய் நீர்க்கட்டி: சத்திரசிகிச்சையோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் ஆரோக்கியப் பக்கத்தில், குழந்தைகளுக்கு வரும் பித்தக்குழாய் நீர்க்கட்டி (ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் குழாய் பை போல விரிந்துவிடும் நோய்) பற்றிய கட்டுரை இப்படி முடிந்திருந்தது: "கட்டியை அகற்றிவிட்டால் பிள்ளை பூரண குணமடைந்துவிடும்; அதன்பின் பெற்றோர் அஞ்ச எதுவுமில்லை." அந்த வரியை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

என் மகளுக்கு நான்கு வயதில் இந்தச் சத்திரசிகிச்சை நடந்தது. விரிந்துபோன குழாயையும் பித்தப்பையையும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து ஈரலிலிருந்து வரும் குழாயோடு பொருத்தினார்கள். அந்தச் சத்திரசிகிச்சை நிபுணரை இன்றும் கைகூப்பி நினைக்கிறேன். ஆனால் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது, "இனிப் பயமில்லை" என்றுதான் எங்களிடமும் சொன்னார்கள். பன்னிரண்டு வயதில் திடீரென்று குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? இரத்தம் எடுத்தார்கள், பிளேட்லெட் பார்த்தார்கள், அது குறையவில்லை. பிள்ளையோ இரண்டு போர்வைக்குள்ளும் பற்கள் கிடுகிடுக்கக் கிடந்தாள். சிறுநீர் கடும் சாயத் தேநீர் நிறத்தில் போனது. கண் மஞ்சளித்த பிறகுதான் காரணம் தெரிந்தது. பொருத்திய இடம் சுருங்கி, பித்தம் தேங்கிக் கிருமி தொற்றி, உள்ளே கல்லும் சேர்ந்திருந்தது. மறுபடியும் சத்திரசிகிச்சை.

பழைய நோய் நிர்ணய அட்டையைப் பார்த்த புதிய வைத்தியர், அதன் அடியில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்ததை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். வருடாவருடம் வயிற்று ஸ்கேனும் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டுமாம். அந்த அட்டையைப் பிறப்புச் சான்றிதழோடு பொலித்தீன் உறையில் போட்டு நாங்கள் பத்திரமாக வைத்திருந்தோம். அதில் என்ன இருக்கிறது என்று அதுவரை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. உங்கள் தலையங்கங்களில் எத்தனையோ முறை இதை எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையின் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு வரியைத் தமிழில் எழுதிக் கொடுக்க இன்னும் ஆளில்லை. இதைப் பற்றி நான் அப்போதே உங்களுக்கு எழுதினேன், நீங்கள் பிரசுரிக்கவில்லை. ராசிபலனுக்கு முழுப் பக்கம் ஒதுக்கும் பத்திரிகையில் அதற்கு இடம் கிடைக்காதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கட்டுரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நோய் என்பது போலவும் சொல்கிறது. ஜப்பானிய வைத்தியர் டோடானி 1977இலேயே இதை ஐந்து வகையாகப் பிரித்தது உங்களுக்குத் தெரியாததல்ல. நான்காம் வகையில் ஒரு பிரிவில் ஈரலுக்குள்ளும் குழாய்கள் விரிந்திருக்கும். வெளியே உள்ளதை வெட்டி எடுத்தாலும் உள்ளே உள்ளது அப்படியே இருக்கும், பிறகு கல் சேருவதும் அங்கேதான். ஐந்தாம் வகையிலோ நோயே ஈரலுக்குள்தான். கட்டியைக் குடலோடு இணைத்து வடியவிடும் பழைய முறையை வைத்தியர்கள் கைவிட்டதற்கு முக்கியமான காரணம், விட்டுவைத்த கட்டியில் பிற்காலத்தில் புற்றுநோய் வந்ததுதான். முழுதாக அகற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும், ஆனால் அடியோடு அற்றுப்போவதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பத்து, இருபது வருடம் கழித்துக்கூடச் சிக்கல் வரலாம் என்பதால்தான் வாழ்நாள் முழுவதும் கண்காணிக்கச் சொல்கிறார்கள்.

அதே பக்கத்தின் கீழே, செங்கண்மாரியை ஒரு வாரத்தில் இறக்கும் மூலிகைச் சூரணத்துக்கு விளம்பரம்! பித்தக்குழாய் அடைபட்டு மஞ்சளித்த பிள்ளைக்கு அந்தச் சூரணத்தைக் கொடுத்துக்கொண்டு ஒரு தாய் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்காவது தோன்றவில்லையா?

இவ்வளவு எழுதக் காரணம், திங்கட்கிழமை வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. கிளினிக்கில் பழக்கமான தாய், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். கிளினிக் நாளென்றால் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு, பிள்ளையோடு இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு வருவார். "அக்கா, பேப்பரிலேயே பயமில்லை என்று போட்டிருக்கிறார்கள். இனி வரத் தேவையில்லைதானே?" என்று கேட்டார். வரத்தான் வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லிவிட்டேன். என்னைத் தெரியாத தாய்மாருக்கு யார் சொல்வது?

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு திருத்தம் போடுங்கள். இந்தச் சத்திரசிகிச்சை செய்த பிள்ளைக்குக் காய்ச்சலும் நடுக்கமும், வயிற்றுவலி, கண் மஞ்சளித்தல், வெளிறிய மலம், கடும் நிறச் சிறுநீர் இவற்றில் எது வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், பழைய சத்திரசிகிச்சையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், பிள்ளை நன்றாக இருந்தாலும் கிளினிக்கை நிறுத்தக்கூடாது என்று எழுதுங்கள். சூரண விளம்பரத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு - 06