தோள் கொஞ்சம் பொறுக்கட்டும்

அன்புள்ள குமார்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. ஊட்டியில் உறைபனி, காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது.

நீ கோல்ஃப் ஆடுகிற வீடியோவை அக்கா மகன் காட்டினான். ஐந்து தரம் பார்த்தேன். பேக்ஸ்விங், அதுதான் மட்டையைப் பின்னால் தூக்குவது, அழகாகத்தான் போகிறது. மேலே போய்த் திரும்புகிற இடத்தில்தான் கெடுகிறது. இடுப்பு இன்னும் அசையவே இல்லை, அதற்குள் வலது தோள் முந்திக்கொண்டு வெளியே பாய்கிறது. மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. வீடியோவில் பந்து போன இடம் தெரியவில்லை, பெயர்ந்த புல் தெரிகிறது. அந்தத் தடங்களை முப்பது வருஷம் மணல் போட்டு மூடினவனுக்கு அது போதும். தடம் இடப்பக்கம் பார்த்துக் கிடக்கிறது.

பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறதென்று நீயும் இடப்பக்கம் பார்த்து நிற்க ஆரம்பித்திருக்கிறாய். அது தோளை இன்னும் வெளியே இழுக்கும். முதலில் கிரிப்பைப் பார். இடது கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடி. அப்புறம் டிரைவருக்கு, அந்த நீள மட்டைக்கு, மாட்டுகிற உறையை, பந்துக்கு அந்தப் பக்கம் நாலு விரல்கடை தள்ளி, அரை அடி பின்னால் வை. 7 அயர்ன் மட்டையால் அரை வேகத்தில் அடி. உறையில் படக்கூடாது. மேலே போனதும் முதுகு இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். எடை இடது காலுக்கு வரட்டும், கை தானாக விழட்டும். தோள் கடைசியில்தான்.

தலை போகிற விஷயம் இல்லை. ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் கிரெய்க் பாரிக்கும் இதே பழக்கம்தான். 2004-ல் அமெரிக்காவில் டோரலில், சமமாக முடிந்தபின் ஆடுகிற பிளேஆஃபில், 6 அயர்னால் 176 கெஜத்திலிருந்து நேரே குழிக்குள் போட்டு ஜெயித்தார்.

அந்தத் தகுதிச் சுற்றைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. மட்டைப் பை சுமக்கிற ஒரு கேடியின் மகன் அதுவரை போனதே பெருமை (போலீஸ் சொல்கிற கேடி இல்லை என்று இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்). டீக்கடையில் விசாரிக்கிறார்கள். இரண்டு மாதமாக அம்மா போன் போட்டு எடுக்காதவனைப் பற்றி நான் என்ன சொல்ல? அவள் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். சரி, விடு. தோளை மட்டும் அவசரப்படுத்தாதே.

உன்னைச் சொல்லி என்ன? அந்தத் தோளைப் பழக்கினவன் நான். உனக்குப் பதினோரு வயது. மெம்பர் ஒருவர் கழித்துப் போட்ட டிரைவரின் தண்டை ஓர் அங்குலம்கூட அறுக்காமல் அப்படியே உன் கையில் கொடுத்தேன். உன் நெஞ்சுக்கு மேலே நின்றது. அதைச் சுழற்ற உன் இடுப்பில் வலுவில்லை, தோளைத் தூக்கித்தான் வீசினாய். “தோளைப் போட்டு அடிடா” என்று நானும் கத்தினேன். பந்து ஓடையைத் தாண்டுமா என்று மற்ற கேடிகளோடு 200 ரூபாய் பந்தயம் கட்டியிருந்தேன். உனக்குத் தெரியாது. இந்த மலை உயரத்தில் பந்து கூடுதல் தூரம் பறக்கும், தாண்டிவிட்டது. மறுநாளும் கட்டினேன். ரம்பம் வீட்டிலேயேதான் இருந்தது. அறுத்தால் தூரம் குறைந்துவிடுமே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா போன் போடுவாள். எடு. நான் பால் வாங்கப் போய்விடுகிறேன்.

அப்பா

உறை, பந்துக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் வைத்துவிடாதே, நாலு விரல்கடை.