சின்னச் சட்டையின் அளவு

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கிறிஸ்துவின் சமாதானம் உன்னோடிருப்பதாக. போன வாரம் தொலைபேசியில் பேசும்போது, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனாயா என்று வழக்கம்போலக் கேட்டேன். நீ சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேறு ஏதாவது பேசுவோமே, அம்மா" என்றாய். உன் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுவிட்டு மறுநாள் மறந்திருப்பேன். கோபமே இல்லாத அந்த நிதானம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அன்று இரவு வேதாகமத்தில் சாமுவேலின் புத்தகத்தை எடுத்து, சாமுவேலின் தாய் அன்னாளின் கதையை மறுபடி வாசித்தேன். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே எனக்கு மனப்பாடமான கதை அது. பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்ததையும், பெற்ற பிள்ளையைப் பால் மறந்ததும் சீலோவிலிருந்த ஆலயத்தில் ஆசாரியனாகிய ஏலியிடம் கொண்டுபோய் விட்டதையும் எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். அதற்கு அடுத்த அதிகாரத்தில் ஒரே ஒரு வசனம் இருக்கிறது. அதை யாரும் அதிகமாகப் பேசி நான் கேட்டதில்லை. வருஷந்தோறும் பலி செலுத்தப் போகும்போதெல்லாம் அவள் மகனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக்கொண்டு போனாளாம். அவள் எந்த அளவை வைத்துத் தைத்திருப்பாள்? பிள்ளை கண்ணுக்கு முன்னால் வளரவில்லை. போன வருஷம் பார்த்த தோளும் கையும்தான் நினைவில் இருக்கும். இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று எண்ணி எண்ணித்தானே துணியை வெட்டியிருப்பாள்!

நான் அப்படி எண்ணிப் பார்க்கவில்லை, மகனே. எட்டு வயதில் உனக்குச் சரியாக இருந்த அளவையே கடைசிவரை வைத்துக்கொண்டேன்.

குடும்ப ஜெபத்தை ஒரு நாளும் விடாமல் நடத்தியதற்காக நான் வருந்தவில்லை. அதைச் சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் வந்தவர்கள் முன்னால் உன்னை நிறுத்தி இருபத்துமூன்றாம் சங்கீதத்தை ஒப்பிக்கச் சொன்னதும், நான்காம் வசனத்தில் நீ தடுமாறியபோது எல்லாருக்கும் கேட்கும்படி "நேற்றுத்தானே படித்தாய்?" என்று கேட்டதும் நினைவிருக்கிறது. மரண இருளின் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்லும் வசனம் அது. நீ வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அன்று எனக்கு உன்னைவிட என்னுடைய நற்பெயரே பெரிதாக இருந்தது.

அதையும்கூட நீ மன்னித்திருப்பாய். நான் எழுத வந்தது உன் பதினாறாம் வயதில் நடந்ததைப் பற்றி.

உன் சிநேகிதன் நோயில் கிடந்தபோது சபையே கூடி மூன்று இரவுகள் ஜெபித்தது. நீயும் முழங்காலில் இருந்தாய். அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையில், ஆராதனையில் கொடுத்த தாளை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாய். "கேட்டால் கொடுப்பார் என்றுதானே சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்றாய். நான் உன்னைத் திரும்பிப் பார்க்காமலே, "கர்த்தருடைய சித்தத்தைக் கேள்வி கேட்கக்கூடாது" என்றேன். அதன்பிறகு நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை. நீ அமைதியானதை விசுவாசத்தில் தேறிவிட்டாய் என்று எடுத்துக்கொண்ட என் புத்தியை என்னவென்று சொல்வது?

உண்மையை இப்போதாவது எழுதிவிடுகிறேன். அன்று உனக்கு முதுகைக் காட்டி நின்றதற்குக் காரணம், அதே கேள்வி எனக்குள்ளும் இருந்ததுதான். பதில் தெரியாத தாயைப் பார்த்தால் உன் விசுவாசம் ஆட்டம் கண்டுவிடும் என்று பயந்தேன்.

பிறகு, நீ கல்லூரியில் படிக்கும்போது, உன்னிடம் பேசும்படி ஒரு போதகரை அனுப்பினேன். நீ மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அனுப்பிவிட்டாய். திருச்சபை பெரிய ஆசானாக மதிக்கும் அகுஸ்தீனின் தாய் மோனிக்காவும் இதையேதான் செய்யப் பார்த்தார் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஒளிக்கும் இருளுக்கும் ஓயாத போர் என்று போதித்த மணிகேய மார்க்கத்தில் மகன் சேர்ந்துவிட்டபோது, அவனோடு வாதாடித் திருப்பும்படி ஓர் ஆயரிடம் போய்க் கெஞ்சினார். அந்த ஆயர் சிறுவயதில் அதே மார்க்கத்தில் வளர்ந்து, தானாகவே வாசித்துத் தெளிந்து வெளியே வந்தவர். அவர் பேச மறுத்துவிட்டார். அவனை விட்டுவிடுங்கள், அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணுங்கள் என்றார். மோனிக்கா விடாமல் அழுதபோது, இவ்வளவு கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போகமாட்டான் என்றும் சொன்னார். பிரசங்கங்களில் இந்தக் கண்ணீரைத்தான் எடுத்துச் சொல்வார்கள். எனக்கோ, விட்டுவிடுங்கள் என்ற அந்த முதல் வார்த்தைதான் வேண்டியிருந்தது. கி.பி. 383-ல் மகன் பொய் சொல்லி, தாயைக் கரையிலே விட்டுவிட்டு இரவோடு இரவாக ரோமுக்குக் கப்பலேறினான். 387-ல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றான். அதே வருஷம் தாய் இறந்துபோனார். இதை எழுதுவது, நீயும் ஒருநாள் அப்படித் திரும்புவாய் என்று மறைமுகமாகச் சொல்வதற்கு அல்ல. அப்படி ஒரு ஆசை எனக்கு இல்லையென்றால் அது பொய். ஆனால் அந்த ஆசையை உன் தோளில் ஏற்றமாட்டேன்.

நீ கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற நாளில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் உனக்காக நாங்கள்தான் பதில் சொன்னோம். வளர்ந்தபின் திடப்படுத்தல் ஆராதனையில் அவற்றுக்கு நீயே வாய் திறந்து பதில் சொல்லவேண்டும் என்பது நம் சபையின் ஒழுங்கு. அந்த ஒழுங்கின் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை. உன் சார்பில் நான் பதில் சொல்லும் காலம் ஒன்று உண்டு, அது முடிந்தும் போகும் என்று திருச்சபைக்குத் தெரிந்திருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை.

நேற்று உன் அலமாரியைத் துடைக்கும்போது, நீ விட்டுச்சென்ற வேதாகமத்தைத் திறந்தேன். பதின்மூன்றாம் சங்கீதத்தில் பென்சில் கோடுகள் இருந்தன. முதல் இரண்டு வசனங்களில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான். நான்கின் கீழும் அழுத்திக் கோடிட்டிருக்கிறாய். கடைசியில் துதி பாடும் வசனத்தில் கோடு இல்லை. நான் கேட்கக்கூடாது என்று சொன்ன கேள்வியை நீ வேதத்துக்குள்ளேயே போய்க் கேட்டிருக்கிறாய். அந்தப் பக்கத்தில் அன்றைய தாளும் அப்படியே நான்காக மடிந்து கிடந்தது. நான் அதைப் பிரிக்கவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்கமாட்டேன். உனக்காக ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லாதே, அது மட்டும் என்னால் ஆகாது. நீ அடுத்த முறை வரும்போது, மனமிருந்தால், அந்தக் கேள்வியை என்னிடம் இன்னொரு முறை கேள். என்னிடம் இப்போதும் பதில் இல்லை. ஆனால் இம்முறை உன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். அந்தத் தாளை இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
அம்மா