கேப்டனின் பீக்கன் பெட்டி: 117 பங்கு குறைகிறது, 28-ஆம் தேதி கடைசி

நண்பர்களுக்கும், கேப்டன் குடும்பத்தாருக்கும், அவரிடம் ஒரு தடவையாவது டென்ட் இரவல் வாங்கிய எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். மலையில் வழிதவறியவர் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும் கருவிதான் பீக்கன். விமானியாகவும் நம் மலை நடைக் குழுவைத் தொடங்கிய நால்வரில் ஒருவராகவும் இருந்து மறைந்த கேப்டனின் நினைவாக, யாரும் இரவல் எடுத்துப் போகும்படி ஒரு பெட்டி நிறைய அவற்றை வாங்கி வைக்க மொத்தம் வேண்டியது 320 நன்கொடைப் பங்கு. நேற்று இரவு வரை வந்தது 203. குறைவது 117. இந்த மாதம் 28-ஆம் தேதிக்குள் முழுத் தொகையும் கட்டினால்தான் பேசிய விலை, அதற்கு மறுநாள் போனால் புது விலை என்று பீக்கன் விற்பவர் கறாராகச் சொல்லிவிட்டார். புது விலையில் இதே பணத்துக்கு இரண்டு பீக்கன் குறைவாகத்தான் கிடைக்கும். அடுத்த மாதம் கேப்டனின் முதலாம் ஆண்டு நினைவு நாள். அன்று அவர் மனைவியான நம் அண்ணியின் கையால் பெட்டியைத் திறப்பது என்று எல்லோரும் கூடி முடிவெடுத்தோம். அந்தக் கூட்டத்தில் விழுந்த கைதட்டலை வைத்துப் பார்த்தால் இந்நேரம் பணம் மிஞ்சியிருக்க வேண்டும்.

குழுவின் வரலாறு இல்லாமல் வேண்டுகோள் போகக் கூடாது என்று நம் பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அவர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் நான்கே பேர். ஒரு டென்ட், ஒரு டார்ச், மடிப்பில் கிழிந்துபோன ஒரு வரைபடம். கேப்டன் அப்போது கேப்டன் இல்லை, துணை விமானி. இரவுப் பணி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் யூனிஃபார்ம் ஷூவோடு மலையடிவாரத்துக்கு வந்து நின்றவரைப் பார்த்து மற்ற மூன்று பேரும் சிரித்தார்களாம். பாதி வழியில் ஷூவின் அடிப்பகுதி கழன்றது. கயிற்றால் கட்டிக்கொண்டு உச்சி வரை நடந்தார், இறங்கியும் வந்தார். அன்று ராத்திரி மழை. மற்றவர்கள் டென்டுக்குள் சுருண்டு கிடக்க, இவர் மட்டும் வெளியே உட்கார்ந்து மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார், விடிவதற்குள் மழை நிற்கும் என்றார், நின்றது. கயிறு முடிச்சுப் போட அவருக்குக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்பது பெரியவரின் வாதம். கேப்டன் இருந்தவரை இதை நேர்மாறாகத்தான் சொல்வார். இப்போது மறுக்க ஆளில்லை என்பதால் பெரியவரே ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம்.

நான்கு பேர் நாற்பதானோம், நாற்பது நூற்றைத் தாண்டியது. ஆட்கள் சேரச் சேர கேப்டன் வீட்டுப் பின்னறையில் சாமான்களும் சேர்ந்தன. டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, கயிறு, ஒரு பழைய கயாக். யார் கேட்டாலும் கொடுப்பார். ஆனால் சும்மா கொடுக்க மாட்டார். ஒவ்வொரு பறப்பையும் லாக் புக்கில் எழுதிய கையல்லவா, இரவலுக்கும் ஒரு நோட்டுப் போட்டிருந்தார். யார், என்ன எடுத்தார், எங்கே போகிறார், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்பி வந்து போன் செய்வார். கடைசிக் கட்டம் நிரப்பாவிட்டால் சாமான் கிடைக்காது.

அது விமானிகளின் பழக்கம்தான். பறப்பதற்கு முன் பிளைட் பிளான் கொடுப்பார்கள். இறங்க வேண்டிய நேரம் தாண்டி 30 நிமிடம் ஆகியும் விமானத்தைப் பற்றித் தகவல் இல்லை என்றால் வான் கட்டுப்பாட்டில் அதை நிச்சயமின்மைக் கட்டம் என்று அறிவித்து விசாரிக்கத் தொடங்குவார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் எச்சரிக்கைக் கட்டம், அப்புறம் ஆபத்துக் கட்டம். உலகம் முழுக்க இந்த மூன்று படிதான். கேப்டன் இதையே நம் நடைப்பயணங்களுக்கும் வைத்தார். ஆறு மணிக்குப் போன் செய்கிறேன் என்று எழுதியவர் ஆறரை வரை செய்யவில்லை என்றால் இவர் கூப்பிடுவார், எடுக்காவிட்டால் கூடப் போனவரைக் கூப்பிடுவார், அப்புறம் ஷூவை மாட்டிக்கொள்வார். திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, மறுநாள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, இதற்கும் பீக்கனுக்கும் என்ன சம்பந்தம்? அந்த 19 மணி நேரம்தான் சம்பந்தம். பழைய ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, புதியவர்களுக்காக. நம் பையன்கள் இருவர் பனிமூட்டத்தில் தடம் மாறிப் போனார்கள். ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. அவர்கள் எழுதிவைத்த நேரத்துக்கு அரை மணி கழித்தே கேப்டனுக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை என்று. ஆனால் தேடிக் கண்டுபிடிக்க 19 மணி நேரம் ஆனது. கடைசியில் பார்த்தால் பாதையிலிருந்து 600 மீட்டர்கூட இல்லை, ஓடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், தண்ணீர்ச் சத்தத்தில் நாங்கள் கூப்பிட்டது அவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் ஊதிய விசில் எங்களுக்குக் கேட்கவில்லை. ஓடையைத் தாண்டிப் போய் முதலில் பார்த்தது கேப்டன்தான். திரும்பி வரும் வழியில் அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: “நேரம் தெரிஞ்சுது, இடம் தெரியலை.” அந்த இருவரில் ஒருவர்தான் இன்று நம் பொருளாளர்.

இடத்தைச் சொல்வதுதான் பீக்கனின் வேலை. உள்ளங்கை அளவுக் கருவி. ஆன்டெனாவை விரித்துப் பட்டனை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஏறக்குறைய 50 வினாடிக்கு ஒரு தடவை செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுக்கும். ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு, அந்த எண்ணை யார் பெயரில் பதிவு செய்திருக்கிறோமோ அவருக்கு மீட்பு மையத்திலிருந்து போன் வரும். ஜிபிஎஸ் உள்ள கருவி என்றால் 100 மீட்டர் சுற்றளவுக்குள் இடத்தைக் காட்டிவிடும். குறைந்தது 24 மணி நேரம் விடாமல் கத்தும். மாதச் சந்தா கிடையாது.

இந்த ஏற்பாட்டின் பெயர் காஸ்பாஸ்-சார்சாட். கேப்டனுக்கு இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுப்பில் வைத்தது தீய்ந்துபோகும். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1979-ல், கனடாவையும் பிரான்சையும் சேர்த்துக்கொண்டு செய்த ஒப்பந்தம். 1982 ஜூன் கடைசியில் முதல் செயற்கைக்கோளை அனுப்பியது சோவியத் யூனியன். அதே செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சின்ன விமானம் விழுந்து, உள்ளே இருந்த மூன்று பேர் அந்தச் செயற்கைக்கோள் பிடித்த சமிக்ஞையால் காப்பாற்றப்பட்டார்கள். “சண்டைக்காரன் அனுப்பின செயற்கைக்கோள் இவங்க ஆளைக் காப்பாத்துச்சு பாத்தியா” என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வார், நாங்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்போம்.

வீட்டில் பழைய கருவி ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நல்ல மனசு, நன்றி. ஆனால் அவை 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளவை. 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை நிறுத்திவிட்டன. போனிலேயே இப்போது செயற்கைக்கோள் வசதி வந்துவிட்டதே என்று இன்னொருவர் கேட்டார். சில போன்களில், சில நாடுகளில் உண்டு. வழியெல்லாம் படம் எடுத்துச் சாயங்காலம் 4 சதவீதத்தில் நிற்கும் போனை நம்பி யாரையும் அனுப்ப எங்களுக்குத் தைரியம் இல்லை.

பீக்கன் வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஸ்டீவ் ஃபாசெட்டைத் தெரிந்திருக்கும். 2002-ல் தனியாளாகப் பலூனில் உலகைச் சுற்றியவர், 2005-ல் எங்கும் இறங்காமல் எரிபொருளும் நிரப்பாமல் தனியாக விமானத்தில் சுற்றியவர். 2007 செப்டம்பரில் அமெரிக்காவின் நெவாடாவிலிருந்து சின்ன விமானத்தில் கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. பெரிய தேடல் நடந்தது, கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்து மலையில் நடந்துபோன ஒருவரின் கண்ணில் அவருடைய அடையாள அட்டைகள் பட்ட பிறகுதான் விமானத்தின் சிதைவுகளையே கண்டுபிடித்தார்கள். விமானத்தில் இருந்த கருவியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் கிடைத்திருக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படி. அதனால்தான் கருவியோடு பயிற்சியும் சேர்த்துத் திட்டம் போட்டிருக்கிறோம். பீக்கனைப் பைக்குள் திணிக்காமல் நெஞ்சுப் பட்டையில் மாட்டுவது, வானம் திறந்திருக்கும் இடத்துக்கு வந்து அழுத்துவது, தெரியாமல் அழுத்திவிட்டால் உடனே மீட்பு மையத்துக்குச் சொல்வது. முக்கியமாக, அழுத்த வேண்டிய நிலைமையே வராமல் பாதி வழியில் திரும்புவது. இந்தக் கடைசி விஷயத்துக்குக் கேப்டன் வைத்திருந்த பாடம் 178 வினாடி. 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்து ஓட்டப் பயிற்சி பெறாத 20 பேரை, மேகத்துக்குள் மாட்டிக்கொண்டது போன்ற நிலையில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், அதற்கு ஆன சராசரி நேரம் 178 வினாடி. பனிமூட்டத்தைப் பார்த்தும் ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று யாராவது இழுத்தால் கேப்டன் தன் வாட்சைத் தட்டிக் காட்டுவார். அவ்வளவுதான், எல்லோரும் திரும்பி நடப்போம்.

இனி செலவு. ஒரு பங்கின் மதிப்பு உங்களுக்குத் தனியாக அனுப்பிய தாளில் இருக்கிறது, பல நாடுகளில் இருக்கிறோம் என்பதால் இங்கே பங்குக் கணக்காகவே சொல்கிறோம். பீக்கன் ஒன்றுக்கு 20 பங்கு, 12 பீக்கனுக்கு 240. பன்னிரண்டு ஏன் என்றால், இரவல் நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் ஒரே வார இறுதியில் அதிகபட்சம் 11 குழுக்கள் வெளியே போயிருக்கின்றன, கையிருப்பு ஒன்று. பேட்டரியை ஐந்து முதல் ஏழு ஆண்டுக்குள் மாற்றியே ஆக வேண்டும், அதற்கு இப்போதே ஒதுக்குவது 40. பயிற்சிக்கு 30. பெட்டி, பதிவு, பூட்டு, புது நோட்டு எல்லாம் சேர்த்து 10. சிலை வேண்டாமா, கல்வெட்டு வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு: அண்ணி வேண்டாம் என்றுவிட்டார். அவர் ஒரு இடத்தில் நின்றதே இல்லை, கல்லாக நிறுத்தி என்ன செய்ய என்றார்.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கேப்டனின் விமானங்களைப் பராமரித்த பொறியாளர்கள் ஐந்து பேர் சேர்ந்து 25 பங்கு கொடுத்தார்கள். கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றி நடந்து பார்க்கும்போது தங்களிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டார் என்று எழுதியிருந்தார்கள். அவரிடம் பயிற்சி பெற்ற ஒரு பெண், விமானியாக வாங்கிய முதல் சம்பளத்திலிருந்து 6 பங்கு. வான் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்த ஒருவர் 10 பங்கு அனுப்பினார், அவர் கேப்டனை நேரில் பார்த்ததே இல்லை, பதினைந்து வருடமாக ஹெட்செட்டில் கேட்ட குரல் மட்டும்தான் பழக்கம். மீட்புப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் 8 பங்கோடு பயிற்சிக்குத் தானே வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். கேப்டனின் பேத்தி உண்டியலை உடைத்துக் கொண்டுவந்தாள். எண்ணிப் பார்த்தால் கால் பங்குதான் இருந்தது, பொருளாளர் மீதியைத் தன் கையிலிருந்து போட்டு முழுப் பங்காக எழுதினார். ரசீதைத் தன் பெயரில்தான் தர வேண்டும் என்று வாங்கிக்கொண்டாள்.

கால் பங்கு கொண்டுவந்த குழந்தையைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 46 பங்கு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இன்னும் தராதவர்கள் இருக்கிறார்கள். அது வந்தாலே பற்றாக்குறை 71-ஆகக் குறையும். கேப்டன் போன அன்று அவரோடு எடுத்த படத்தைப் போடாதவர் நம்மில் இல்லை. அந்தப் படங்களில் பாதியில் நாம் போட்டிருக்கும் மழைக்கோட்டு அவருடையது. பெயர் எதுவும் வெளியிட மாட்டோம். நீங்கள் ஆறு மணிக்கு என்று எழுதிய ஆள், இப்போது ஆறரை ஆகிவிட்டது, அவ்வளவுதான் சொல்கிறோம்.

கையில் இல்லாதவர்கள் சங்கடப்பட வேண்டாம். அரைப் பங்கும் வாங்குவோம், இரண்டு பேர் சேர்ந்து ஒன்றும் கொடுக்கலாம். உயிர் காக்கும் தர்மத்துக்கு மேல் தர்மம் இல்லை, கொடுத்தவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் மேலே இருப்பவன் துணை நிற்பான் என்று எழுதச் சொன்னார் பெரியவர், எழுதிவிட்டோம். புண்ணியம் எப்போது வந்து சேரும் என்று எங்களால் சொல்ல முடியாது, ரசீது அன்றே வரும். 28-ஆம் தேதிக்குள் பணம் சேராவிட்டால் வந்த வரைக்கும் எத்தனை பீக்கன் வருமோ அத்தனையோடு பெட்டியைத் திறப்போம். அதிகம் வந்தால் இரண்டாம் பயிற்சிக்குப் போகும்.

பலர் கேட்கிறார்கள், கேப்டன் உயிர் போனது மலையிலா, விமானத்திலா என்று. இரண்டிலும் இல்லை. வீட்டில், தூக்கத்தில். மறுநாள் காலை ஒரு குழு கிளம்புவதாக இருந்தது, அவர்களுக்கான டென்டைக் கட்டி வாசல் ஓரம் வைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. நோட்டில் திரும்பி வராத சாமான் இன்னும் மூன்று இருக்கிறது: இரண்டு ஆள் டென்ட் ஒன்று, நீல ஸ்லீப்பிங் பேக் ஒன்று, சின்ன எரிவாயு அடுப்பு ஒன்று. எடுத்தவர்கள் பெயரும் இருக்கிறது, கேட்கப் போவதில்லை. அண்ணி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போங்கள், மணி அடிக்கக்கூட வேண்டாம், நோட்டில் அந்த மூன்று வரியையும் அவர் அடித்துவிடுவார்.

இப்படிக்கு,
கேப்டன் நினைவு பீக்கன் பெட்டிக் குழுவினர்